வெறும் வண்டியின் உயரம்

கார் ஷோரூமில் சேர்ந்த முதல் வாரத்தில் உங்களுக்கு மூன்று சாமான்கள் கொடுத்திருப்பார்கள். ஒரு டை, ஒரு கட்டு விசிட்டிங் கார்டு, "நோ ப்ராப்ளம் சார்" என்ற மந்திரம். டை இரண்டு வருடத்தில் நைந்துவிடும். கார்டு தீர்ந்துபோகும். மந்திரம் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டு, வீட்டில் மனைவி உப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூட வெளியே வரும். நான் கல்கத்தாவில் இருபத்தெட்டு வருடம் கார் விற்றவன். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மா சிரிக்கும் இடங்களில் நீங்களும் சிரித்துவைத்தால் போதும்.

எனக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தெரியாது. ஒரு வண்டியை விற்ற கதை தெரியும். அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தொழில் சுலபமாக இருந்தது. இரண்டு மாடல், நாலு நிறம். "ஸ்போர்ட்ஸ்" என்று யாராவது கேட்டால் கதவில் இரண்டு சிவப்புக் கோடு ஒட்டி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் இறக்கை வைத்துக் கொடுத்துவிடுவோம். கரியாஹாட் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அந்த இறக்கை வைத்த வண்டியை வாங்கி, மறுநாள் போன் செய்து, வண்டி இப்போது வேகமாகப் போகிறது என்றார். நானும் ஆமாம் சார், காற்று விலகுகிறது என்றேன். கரியாஹாட்டில் காற்று விலகவே இடமில்லை, கார் எங்கே விலகுவது. இருவரும் சந்தோஷமாக இருந்தோம், யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் நிஜ ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி, இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் தரையில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதற்கு மேல் "பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்" என்று ஒன்று. வேண்டுமென்றால் எடுக்கலாம், வேண்டாமென்றால் விடலாம். அதில் பெரிய பிரேக் உண்டு, எஞ்சினில் கொஞ்சம் கூடுதல் முறுக்கு உண்டு, பெரிய சக்கரத்தில் சப்பாத்தி கனத்துக்கு டயர் உண்டு. வண்டியை இன்னும் கீழே இறக்கும் விறைப்பான ஸ்பிரிங்கும் உண்டு. பேக்கேஜ் என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய ஒன்றை, வேண்டாத மூன்றோடு சேர்த்துக் கட்டித் தருவது.

இந்தப் பேக்கேஜோடு ஒரு வண்டியைக் கேட்டு வரவழைத்த ஆசாமி, வண்டி வந்து இறங்கிய அன்று மனசு மாறிவிட்டார். ஜாதகம் என்றார். சிவப்பு வண்டி ஷோரூம் நடுவில் நாலு மாதம் நின்றது. வருகிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சின்ன காரை வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் மேனேஜருக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, துர்கா பூஜைக்கு முன்னால் இந்த வண்டி வெளியே போக வேண்டும், இல்லையென்றால் நீ சிலிகுரிக்குப் போக வேண்டும், அங்கே நம் டிராக்டர் பிரிவில் ஆள் இல்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த ஆள் சிரித்துக்கொண்டு சொன்னதைச் செய்யாமல் விட்டதே இல்லை.

என் மனைவி இங்கே பள்ளிக்கூட டீச்சர். மகள் பத்தாம் வகுப்பு. சிலிகுரிக்குப் போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். டிராக்டர் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் நாற்பத்தாறு வயதில் மெஸ் சாப்பாடும் டிராக்டருமாக எப்படி வாழ்வது? உள்ளதைச் சொன்னால், பயந்தேன்.

அந்த வாரம்தான் கேப்டன் வந்தார்.

அவர் தூத்துக்குடிக்காரர். கல்கத்தா துறைமுகத்தில் ஆற்று பைலட். கடலிலிருந்து வரும் கப்பலில் ஏறி, ஹூக்ளி ஆற்றின் மணல்திட்டுகளுக்கு நடுவில் அதைத் தரை தட்டாமல் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. அந்த மாதத்தோடு ஓய்வு பெறப் போகிறவர். பெஹாலாவில் சொந்த வீடு. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். எல்லோரும் பார்க்கிற பானெட்டைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்துக்குள் இருந்த பிரேக்கைப் பார்த்தார்.

"தம்பி, இது பெரிய பிரேக்குல்லா?"

"ஆமா கேப்டன். பேக்கேஜ்ல வர்றது."

"கப்பலுக்குப் பிரேக் கெடையாது, தெரியுமா? இங்க நிப்பாட்டணும்னா ரெண்டு மைலுக்கு முன்னாலயே முடிவெடுக்கணும். ஆயுசு பூரா அப்படியே ஓட்டியாச்சு. மிதிச்ச எடத்துல நிக்கிற ஒண்ண ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்துரணும்னு ஒரு ஆசை."

ஸ்போர்ட்ஸ் காரை நிற்பதற்காக வாங்க வந்த ஒரே மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. அது இன்னும் மோசம், பிறகு நடந்ததை நினைத்தால்.

பேக்கேஜ் இல்லாத வண்டி வேண்டுமென்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அது வந்தாலும் சின்ன பிரேக். இதை எடுத்தால் பெரிய பிரேக், ஆனால் வயிறு தாழ்ந்த வண்டி. அவருடைய கேள்வி அது ஒன்றுதான். முறுக்கைப் பற்றிக் கேட்கவில்லை, வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "கீழ எவ்வளவு தண்ணி இருக்கு?" என்றார். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் அப்படிச் சொன்னார்.

நான் கம்பெனிப் புத்தகத்தைத் திறந்து உயரத்தைச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம காலையில வாரேன். இங்கேருந்து எங்க வீடு வரைக்கும் அளந்து பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நேரே பின்னால் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். எங்கள் ஹெட் மிஸ்திரி வயதானவர். மேனேஜர் உட்பட எல்லோரையும் திட்டும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் உயரம் சரிதானா என்று கேட்டேன். அவர் சிவப்பு வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஒரு தடவை அளந்துவிட்டு, இரண்டு மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு அதில் உட்காரச் சொன்னார், டேங்க்கை நிரப்பச் சொன்னார். அதே இடத்தில் மறுபடி அளந்தார். வண்டி நல்ல இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

"புத்தகத்துல இருக்கிறது வெறும் வண்டியோட உயரம், பாபு" என்று இந்தியில் சொன்னார். "வெறும் வண்டியை யார் ஓட்டுவாங்க? பேயா?"

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு விஷயம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். கையில் மடக்கு ஸ்கேல், ஒரு நீளமான நேர்ப்பலகை, கொஞ்சம் கயிறு. டயமண்ட் ஹார்பர் ரோட்டில் ஆபீஸ் வண்டியில் போய், ஒவ்வொரு வேகத்தடையாக நாங்கள் இறங்கி அளந்தோம். அவர் பலகையைப் பிடிப்பார். டை கட்டிய நான் தார்ச்சாலையில் தலையைத் தரையில் வைத்துக்கொண்டு ஸ்கேலைப் பார்த்து எண்ணைக் கத்துவேன். பின்னால் மினிபஸ் கண்டக்டர் தன் பங்குக்கு வேறு எதையோ கத்துவான். மூன்றாவது வேகத்தடையில் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கார்ப்பரேஷன் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பத்து நிமிடம் முறையிட்டார். கேப்டன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பழக்க தோஷத்தில் "நோ ப்ராப்ளம் மாஷிமா, அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்றேன். அந்த அம்மாள் இன்னும் காத்திருக்கிறாரோ என்னவோ.

வழியெல்லாம் பரவாயில்லை. கடைசியில், அவர் தெருவுக்குள் நுழையும் இடத்தில், தெருப் பையன்களின் கிளப் தானாகவே போட்டிருந்த ஒரு வேகத்தடை இருந்தது. கார்ப்பரேஷன் போடுவதில் கொஞ்சமாவது கணக்கு இருக்கும். இது ஆர்வத்தில் போட்டது. மாட்டின் திமில் மாதிரி நின்றது. அளந்தோம். கேப்டன் நோட்டில் கழித்துப் பார்த்தார். புத்தகத்து உயரத்தின்படி ஒன்றரை விரல் மிச்சம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நீங்க சொன்ன உயரம் வெறும் வண்டிக்கா, ஆள் ஏறுன வண்டிக்கா? ஏன் கேக்கேன்னா, சரக்கு ஏத்துனா கப்பல் எறங்கும்லா."

ஒரு நொடிதான். அந்த நொடியில் சிலிகுரி தெரிந்தது, டிராக்டர் தெரிந்தது, மேனேஜரின் சிரிப்பு தெரிந்தது. மிஸ்திரியின் இரண்டு விரலும் தெரிந்தது.

"ஆள் ஏறின வண்டிக்குத்தான் கேப்டன். நோ ப்ராப்ளம்."

அவர் தலையாட்டினார். ஒன்றரை விரல் என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினார். எதற்கு என்று கேட்டேன். "ஆழம் பாத்துச் சொன்னவன் பேர எழுதுறது எங்க வழக்கம். தண்ணிக்கு அடியில பைலட்டுக்குக் கண்ணு தெரியாது. அவன் சொல்லுதத நம்பித்தான் கப்பல விடுதோம்" என்றார். அன்று சாயங்காலமே வண்டியை புக் செய்துவிட்டார்.

மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

டெலிவரிக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் ஒரு போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தேன். முதலில் கிளப் செயலாளரைப் போய்ப் பார்த்து, அந்த வேகத்தடையைக் கொஞ்சம் செதுக்கிவிட முடியுமா என்று கெஞ்சினேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, அதுதான் இந்த வருடம் கிளப் செய்த ஒரே சமூகத்தொண்டு, வேண்டுமானால் இன்னும் உயர்த்தித் தருகிறோம் என்றார். பிறகுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. இரண்டு பேரில் ஒருவர் வேகத்தடைக்கு முன்னாலேயே இறங்கிவிட்டால் வண்டி தப்பிக்கும். கேப்டன் இறங்க முடியாது. அவர் மனைவியை இறக்க வேண்டும். புது வண்டியில் வரும் அம்மாளை எப்படி நடுத்தெருவில் இறக்குவது? ஆரத்தி எடுத்து!

அந்தத் தெருவே அவரைப் பௌதி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடும். கிளப் பையன்களிடம், பௌதியின் புது வண்டியைத் திமிலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, பெண்கள் சங்கு ஊதிக் குலவையிட்டு வரவேற்க வேண்டும், அவர் இறங்கி நடந்து வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். வங்காளிகளிடம் ஒரு விழாவுக்கு ஆள் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. எனக்கு என் மூளையின் மேல் அபார மதிப்பு வந்துவிட்டது. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு தெருவையே வேலைக்கு வைத்திருந்தேன்.

டெலிவரி அன்று காலை கேப்டன் புதுச்சட்டை, அம்மாள் பட்டுப்புடவை. மேனேஜர் பூங்கொத்தோடு நின்றார். சாவியைக் கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன். "கங்கிராஜுலேஷன்ஸ் கேப்டன்" என்று வந்தது.

அவர் ஓட்டினார். நான் ஆபீஸ் வண்டியில் பின்னால் போனேன். மனிதர் அத்தனை வேகத்தடைகளையும் நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்குப்படி நிதானமாகத் தாண்டினார். நடுவில் ஒரு காலி இடத்தில் பிரேக்கை ஒரு மிதி மிதித்து, வண்டி மிதித்த இடத்தில் நின்றதும் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த ஒரு நிமிடம் அவர் அடைந்த சந்தோஷத்துக்கு நான்தான் காரணம். அதையும் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு வேறு பெருமை இல்லை.

தெருமுனையில் கூட்டம் தயாராக இருந்தது. சங்கு, குலவை, ஆரத்தித் தட்டு. நான் ஓடிப்போய் அம்மாள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்கம்மா, ஒங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

"நான் எதுக்கு எறங்கணும்?" என்றார் அம்மாள். "வண்டில வந்தவ வீட்டு வாசல்லல்லா எறங்கணும்? ஆரத்திய இப்படியே எடுக்கச் சொல்லுங்க."

அவர்கள் அப்படியே எடுத்தார்கள். எடுத்ததோடு விடவில்லை. ஒருத்தர் பெரிய மண்சட்டி நிறைய ரசகுல்லாவை அம்மாள் மடியில் வைத்தார். இன்னொருத்தர் தேங்காய் வைத்தார். காலடியில் இரண்டு தட்டு சந்தேஷ் இனிப்பு. ஆளைக் குறைக்க நான் கூட்டிய கூட்டம் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றேன். கேப்டன் கதவை மூடச் சொல்லி வண்டியை மெல்ல விட்டார்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தேய்த்துக்கொண்டு, நீளமாக. சங்கு நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஆக்ஸிலேட்டரை மிதித்து இழுத்திருப்பார்கள். அவர் அந்தக் கணமே எஞ்சினை அணைத்தார்.

கிளப் பையன்கள் ஹோவென்று சிரித்தார்கள். அம்மாளும் ரசகுல்லாச் சட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "முப்பத்திரண்டு வருசத்துல ஒரு கப்பலக்கூட தரைதட்ட விட்டதில்லன்னு ஊரெல்லாம் பீத்துவீகளே! இப்ப வீட்டு வாசல்லயே தட்டிட்டீகளே!"

கேப்டன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைத் தேடிப் பார்த்தார். குரல் உயரவே இல்லை.

"தம்பி, அது வெறும் வண்டிக்குத்தான?"

"ஆமா கேப்டன்."

"ம்" என்றார். அவ்வளவுதான். அம்மாளை இறங்கச் சொன்னார், சட்டியை இறக்கச் சொன்னார். பையன்கள் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்க, வண்டி திமிலைத் தாண்டியது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அந்தத் தெருவில் நின்று அழுதுவிடுவேனோ என்று பயந்து ஆபீஸ் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இனிதான் வெட்கக்கேடு. மறுநாள் வண்டி ஒர்க்ஷாப்புக்கு வந்தது. மிஸ்திரி பேக்கேஜில் வந்த விறைப்பு ஸ்பிரிங்கைக் கழற்றி, சாதாரண ஸ்பிரிங்கைப் போட்டார். பிரேக்கைத் தொடவே இல்லை. ஒரு பகல் வேலை. வண்டி மூன்று விரல் உயர்ந்துவிட்டது, பிரேக் அப்படியே மிதித்த இடத்தில் நின்றது. வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு, "விற்கிறதுக்கு முன்னாலயே ஸ்பிரிங்கை மாத்த முடியுமான்னு என்கிட்ட கேட்டிருந்தா, அன்னிக்கே போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார். அதாவது, நான் தெருவில் உண்மையைச் சொல்லியிருந்தாலும் கேப்டன் இதே வண்டியைத்தான் எடுத்திருப்பார். சிலிகுரியும் தப்பியிருக்கும். பேக்கேஜ் அவருக்கு உகந்ததா என்ற கேள்விக்குச் சரியான பதில் "பாதி" என்பது. நானோ முழுசாக ஆமாம் என்றேன்.

மேனேஜருக்கு இந்தக் கதை கடைசிவரை தெரியாது. அந்த வருடத்தின் சிறந்த விற்பனையாளர் என்று எனக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். ஒழுங்காக ஓடியது, அதைக் குறை சொல்ல முடியாது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் கேப்டன் ஷோரூமுக்குள் வந்தார். மகளுக்கு ஒரு சின்ன கார் வேண்டும். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், மரியாதையாகத் தலையசைத்தார், என் மேஜையைத் தாண்டிப் போனார். கோடியில் புதிதாகச் சேர்ந்த வங்காளிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் விசிட்டிங் கார்டுகூட அச்சாகி வரவில்லை.

"வேலையில சேர்ந்து எத்தனை நாள்மா ஆச்சு?" என்று வங்காளத்தில் கேட்டார்.

நாலு நாள் என்றாள் அவள், பயந்துபோய். பெரிய ஆள் யாரையாவது கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள்.

"வேண்டாம், நீயே போதும்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வண்டியைப் பற்றி ஏதோ கேட்டார். அவள் புத்தகத்தைப் புரட்டினாள், இன்னொரு தடவை புரட்டினாள், முகம் சிவந்தது.

"ஜானி நா, ஸார்" என்றாள். தெரியாது சார். "கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்."

கேப்டன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. அவள் எழுந்து, கேட்பதற்கு நேராக என் மேஜைக்கு வந்தாள்.